களத்து வரிசையில் ஒரு பிள்ளை

அந்த வருஷம் அக்டோபர் எங்களைப் படாத பாடு படுத்தியது. சர்க்கரை காய்ச்சுகிற பீட் கிழங்கை எடுக்க ஆரம்பித்த கையோடு வெயில் கொளுத்தியது. சூட்டோடு தோண்டிய கிழங்கைக் குவித்தால் குவியலுக்குள்ளேயே புழுங்கி அழுகிவிடும் என்று சர்க்கரை ஆலைக்காரர்கள் கிழங்கை வாங்கிக் குவிக்கிற களத்தை மூடிவிட்டார்கள். வெயில் போனது, மழை வந்தது. மழை போனது, உறைபனி வந்தது. ஊரே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு, காபியாகக் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டது. ரெட் ரிவர் ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு அக்டோபரில் சும்மா உட்கார வராது. எங்கள் வீட்டுக்காரர் கராஜில் ஏற்கெனவே துடைத்த கருவிகளை மறுபடியும் துடைத்தார்.

நான் கவுண்டி, அதாவது மாவட்ட, அரசு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். பேர் லவான். எங்கள் ஆபீஸில் குழந்தை நல வழக்குகளைப் பார்க்கிறவள் டார்சி ப்ரெக்கி. பெற்றவர்களால் பிள்ளைக்கு ஆபத்து என்று குழந்தை நல அலுவலகம் சொன்னால், மனு எழுதி, கோர்ட்டில் நின்று, அந்த வீட்டிலிருந்து பிள்ளையை எடுக்கச் சொல்லிக் கேட்பது அவள் வேலை. வீடு திருந்தினால் பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்பதும் அவளேதான். முதல் வேலைக்கு ஊரில் எல்லோரும் அவளைத் திட்டுவார்கள். இரண்டாவதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மளிகைக் கடையில் அவளைப் பார்த்தால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்குப் போகிறவர்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேடியோவில் சொன்னார்கள், மறுநாள் களம் திறக்கிறது என்று. டார்சி அடுத்த கணம் கோட்டை எடுத்தாள்.

"லவான், திங்கக்கிழமை வரைக்கும் நான் இல்ல. யாராவது கேட்டா செத்துட்டேன்னு சொல்லுங்க."

"ஜட்ஜ் கேட்டா?"

"அவங்க புருஷனும் நாளைக்கு லாரி ஓட்டுறாரு. அவங்க கேக்க மாட்டாங்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். அறுவடை வந்தால் பள்ளிக்கூட வாத்தியார், பாங்க் மேனேஜர், சர்ச் பாஸ்டர் எல்லோரும் லாரி டிரைவர்கள். டார்சி தன் அண்ணன் நிலத்துப் பழைய சிவப்பு லாரியை ஓட்டுவாள். கியர் மாற்றும்போது அவள் விடுகிற வசவைக் கேட்டால் சட்டப் படிப்பு படித்தவள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

சனிக்கிழமை நான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு பெரிய தட்டும், கடலை வெண்ணெயும் பொரியும் கலந்து மேலே சாக்லேட் ஊற்றி வெட்டிய பாரும் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். தார்ச் சாலை முழுக்கச் சேறு. டயர்களில் ஒட்டி வந்த கரிசல் மண் காலை வாரிவிட்டது. லாரிகள் கண்ணுக்கு எட்டின தூரம் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் குவிக்கிற இயந்திரம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு லாரியும் அதன் வாயில் கொட்ட, கிழங்கு மேலே ஏறி வெள்ளை மலையில் போய் விழுந்தது. காற்றில் ஈர மண் வாசனை. குளிர் காதைக் கிள்ளியது. நான் டார்சியின் லாரியில் ஏறி ஹீட்டர் பக்கம் காலை நீட்டினேன்.

"முன்னாடி நிக்கறது வேட் ஸோபோலிக் லாரிதானே?" என்றாள் டார்சி, வாயில் ஹாட்டிஷோடு.

முன் லாரியின் கண்ணாடியில் ஒரு சின்ன முகம் ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. அப்பாவின் தொப்பி மூக்கு வரை இறங்கியிருந்தது. வேட்டின் பெண் டெஸ்ஸா. மழலையர் வகுப்புக்குப் போகிற பிள்ளை.

வேட் கதை எங்கள் ஆபீஸ் கதைதான். அவன் மேற்கே எண்ணெய் வயலில் லாரி ஓட்டப் போயிருந்தபோது, அவன் மனைவி மாத்திரைக்கு அடிமையாகி, பிள்ளையைப் பட்டினி போட்டு, கடைசியில் பிள்ளையை விட்டுவிட்டே போய்விட்டாள். டெஸ்ஸா ட்வின் சிட்டீஸ் என்கிற பெருநகரம் பக்கம் ஒரு வளர்ப்பு வீட்டுக்குப் போனாள். வேட் வேலையை உதறிவிட்டு ஓடிவந்து, சொன்ன வகுப்புக்கெல்லாம் போய், சொன்ன பரிசோதனையெல்லாம் கொடுத்து, அந்தக் கோடையில்தான் பிள்ளையைச் சோதனைக் காலத்துக்கு வீட்டுக்கு வாங்கியிருந்தான். அது முடிந்தால் பிள்ளை அவனுடையது. இடையில் முறிந்தால் அவ்வளவுதான். சட்டம் கொடுத்த கெடு தீர்ந்துவிட்டது, வளர்ப்பு வீட்டுக்காரர்கள் தத்தெடுக்கத் தயாராக நின்றார்கள்.

டார்சி கையில் இரண்டு சாக்லேட் பாரை எடுத்துக்கொண்டு சேற்றில் குதித்தாள். நான் பேச்சைக் கேட்கக் கண்ணாடியை இறக்கினேன்.

"என்ன டெஸ்ஸா, லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்றாள் டார்சி.

"எனக்குக் கால் எட்டாது."

"உங்கப்பனுக்கு மட்டும் எட்டுதா என்ன? பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ டிராக்டரக் கொண்டுபோய்க் கால்வாய்ல விட்டவன்."

வேட் சிரித்தான். கண் சிவந்திருந்தது. "அத இன்னும் நீ விடலியா?"

"கெயில் எங்க?" கெயில் அவன் தங்கை. அவன் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள்.

"லாரிய எடை போடற வேலைக்குக் கூப்ட்டுட்டாங்க. களம் தொறந்தா அவளுக்கு வேற வழி?"

"ம்." டார்சி பாரை ஜன்னல் வழியே நீட்டினாள். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு அப்பாவுக்கு. அவரு பங்கையும் நீயே தின்னுடு. வேட், வரிசை நகருது பாரு, தூங்காத."

அவ்வளவுதான். களத்து வாசலில் பிள்ளைகளை ஏற்றி வராதீர்கள் என்று ஒரு பலகை இருக்கிறது. அந்தப் பலகையை நட்டவரே தன் பேத்தியை ஏற்றிக்கொண்டு வருவார். எங்கள் ஊரில் பீட் லாரி சீட்டில் தூங்காமல் வளர்ந்தவர் யார்? நானும் தூங்கினேன், டார்சியும் தூங்கினாள். அன்றைக்கு அதில் ஒரு குற்றமும் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

திங்கட்கிழமை காலை கெல்சி ஆபீஸுக்கு வந்தாள். குழந்தை நல அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், ட்வின் சிட்டீஸ்காரி. நல்ல பெண்தான். ஆனால் நின்ற நிலையில் பேசுவாள், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள்.

"டெஸ்ஸா ஸோபோலிக்கை இன்னைக்குக் காலைல பள்ளிக்கூடத்துலேர்ந்து எடுத்துட்டோம். சோதனைக் காலத்த ரத்து பண்ணணும். சனிக்கிழமை அந்தக் களம் வழியாப் போறப்போ நான் என் கண்ணால பாத்தேன். அவ லாரியிலேர்ந்து எறங்கி, டயர் பக்கத்துல உக்காந்து ஒண்ணுக்குப் போயிட்டிருந்தா. பின்னாடி இன்னொரு லாரி ரிவர்ஸ்ல வருது. அந்த டிரைவருக்கு அவ தெரிஞ்சிருப்பாளா?"

டார்சி பேனாவை மூடினாள், திறந்தாள்.

"வேட் எங்க நின்னாரு?"

"பக்கத்துலதான். கையப் புடிச்சிக்கிட்டு. ஆனா அது பிள்ளை இருக்கற எடமா, டார்சி?"

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முன்பொரு வருஷம் அதே களத்தில் லாரி பின்னால் வந்து ஒரு வளர்ந்த ஆளையே நசுக்கியிருக்கிறது. கெல்சி சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கெல்சி போனதும் டார்சி எழுந்து நடக்க ஆரம்பித்தாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, மூடிவைத்தாள். பூட்ஸில் சனிக்கிழமைச் சேறு காய்ந்து உதிர்ந்து கம்பளமெல்லாம் மண்.

அந்த நேரம் பார்த்து வேட் வந்து நின்றான். களத்திலிருந்து நேராக வந்திருக்கிறான். தொப்பியைக் கழற்றவில்லை.

"டார்சி."

"உங்கிட்ட நான் பேசக்கூடாது, வேட். உனக்கு வக்கீல் இருக்காரு. அவர் இல்லாம நான் ஒரு வார்த்த கேக்கக்கூடாது."

"நீ பேச வேணாம். நான் பேசறேன். யாருகிட்டயும் பிள்ளைய விடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்தது உங்க ஆபீஸ்தானே? கெயிலத் தவிர யாருகிட்டயும். பக்கத்து வீட்டு நோர்மா நான் பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னு வாசல்ல வந்து நின்னா. அவ பேரு உங்க உத்தரவுல இல்ல. நான் விடல. அவளுக்குக் கோபம்கூட வந்துச்சு. உத்தரவுல யார் பேரு இருக்கு? என் பேரு. அதான் என்கூடவே வச்சிக்கிட்டேன்."

"வேட், வெளிய போ."

"நீதானே அவளுக்குத் தின்னக் குடுத்த? நீ பாத்தியே!"

டார்சி கதவைச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் கொஞ்ச நேரம் நின்றான். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பூட்ஸ் சத்தம் படியில் இறங்கியது.

"நான் ஒதுங்கணும், லவான்," என்றாள் டார்சி. "சாட்சியா இருக்கறவ வக்கீலா நிக்க முடியாது."

"யாரு உன்ன சாட்சின்னாங்க? வாய மூடிக்கிட்டு நீயே கோர்ட்டுக்குப் போ. அவனோட வக்கீல் ஆர்வில் கிழவன்கிட்ட சொல்லி, நாலு புது நிபந்தனை போட்டு, நோர்மா பேரையும் உத்தரவுல சேத்து, பிள்ளைய வீட்டுக்கு அனுப்பு. ஜட்ஜ் மறுக்க மாட்டாங்க. நீ ஒதுங்கினா யாரு வருவான்? பக்கத்துக் கவுண்டி வக்கீல் ப்ரூயிட். அவனுக்கு பீட்டும் தெரியாது, வேட்டும் தெரியாது. பிள்ள போயிடும், டார்சி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நான் பாத்தத மறைச்சுக்கிட்டு ஜட்ஜ் முன்னாடி நிக்கறதா? நாளைக்கு அது வெளிய வந்தா அந்த உத்தரவே செல்லாது. அப்ப ஒரேயடியா போயிடும் பிள்ள." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் பயமில்லேன்னு நெனைக்கறீங்களா?"

ப்ரூயிட்தான் வந்தான். ஒல்லியான ஆள், இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட். எங்கள் பக்கத்துச் சேற்றில் எப்படித்தான் நடந்து வந்தானோ. வந்த அன்றே எங்கள் ஆபீஸ் பழைய வழக்குகளையெல்லாம் கேட்டு வாங்கி, சாப்பிடக்கூடப் போகாமல் படித்துக்கொண்டிருந்தான். நான் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை விசாரணை. வெளியே சாரல் பிடித்துக்கொண்டதில் களத்தை மறுபடி மூடிவிட்டார்கள். அதனால் கோர்ட்டில் கூட்டம். சும்மா இருக்கிற டிரைவர்களெல்லாம் பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேட் பழைய கோட் ஒன்றை மாட்டியிருந்தான். கழுத்துப் பட்டன் போடவில்லை. போட்டால் மூச்சு முட்டும் போலிருந்தது. கெயில் அவன் பின்னால் நகத்தைக் கடித்தபடி.

கெல்சி முதலில் சொன்னாள். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள், கூட்டவில்லை குறைக்கவில்லை. அதற்கப்புறம் வேட்டின் வக்கீல் ஆர்வில் எழுந்தார்.

"நான் டார்சி ப்ரெக்கியைக் கூப்பிடறேன், யுவர் ஆனர்."

இத்தனை வருஷத்தில் டார்சி அந்தக் கூண்டில் ஏறி நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்னையும் கூப்பிட்டிருக்கலாம், நானும்தான் பார்த்தேன். டைப் அடிக்கிறவள் என்ன பார்த்தாள் என்று யார் கேட்கிறார்கள்?

"சனிக்கிழமை டெஸ்ஸாவப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்தா?"

"சூடா இருந்தா, வயிறு நெறஞ்சிருந்தா, சந்தோஷமா இருந்தா. அப்பாகூட இருந்தா."

"குழந்தை நல அலுவலகத்துக்குச் சொன்னீங்களா?"

"இல்ல. சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "வேட் அந்தப் பிள்ளைய அஜாக்கிரதையா விடல. நாங்க எழுதின உத்தரவ எழுத்துக்கு எழுத்து கேட்டு நடந்தாரு. களம் தொறந்தா கெயிலும் வேலைக்குப் போவான்னு அந்த உத்தரவ எழுதும்போது எங்க யாருக்கும் தோணல. இந்த ஊர்ல பொறந்த எனக்கே தோணல."

பின்வரிசையில் யாரோ 'அப்படிச் சொல்லு' என்றார். ஜட்ஜ் ஆஸ்டட் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

ப்ரூயிட் எழுந்தான். குரலை உயர்த்துகிறவன் இல்லை.

"மிஸ் ப்ரெக்கி, பீட் லாரியில அப்பாகூட இருக்கற பிள்ளை பத்திரமா இருக்குன்னு சொல்றீங்க."

"ஆமா."

"போன வருஷம் இதே களத்துல ரெண்டு பசங்க. அவங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் அந்தக் குவிக்கிற மெஷின்ல வேலை. டெக்சாஸ்லேர்ந்து அறுவடைக்கு வந்தவங்க. பசங்க களத்து ஓரத்துல பிக்கப் வண்டியில போர்வை போத்திக்கிட்டுத் தூங்கினாங்க. கூப்பிட்டா கேக்கற தூரத்துல அம்மா. குடும்பம் பேரு ட்ரெவினோ. ஞாபகம் இருக்கா?"

டார்சி ஜட்ஜ் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கு."

"அந்த மனுவ யாரு எழுதினாங்க?"

"நான்."

"பசங்கள எடுக்கச் சொல்லிக் கேட்டது?"

"நான்தான்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"இங்கதான். வளர்ப்பு வீட்டுல. அறுவடை முடிஞ்சு பெத்தவங்க திரும்பிப் போக வேண்டியதாச்சு. டெக்சாஸ் வீட்டப் பாத்து அந்த மாநிலம் சம்மதம் எழுதணும். அது இன்னும் வரல."

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா."

"அந்த ரெண்டு பசங்களுக்கும் டெஸ்ஸாவுக்கும் என்ன வித்தியாசம், மிஸ் ப்ரெக்கி?"

ஆர்வில் ஆட்சேபிக்கப் பாதி எழுந்தார். டார்சி கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். சாட்சி வக்கீலை அப்படி உட்காரச் சொல்லக்கூடாது. ஆர்வில் உட்கார்ந்துவிட்டார்.

"வேட்டை எனக்குத் தெரியும்," என்றாள். "அவங்களத் தெரியாது. வேற வித்தியாசம் இல்ல."

ப்ரூயிட் நினைத்தது, அவள் வேண்டியவனுக்காகப் பேசுகிறாள் என்று காட்டுவது. காட்டிவிட்டான். ஆனால் காட்டிய பிறகு, மிச்சக் கேள்விகள் இருந்த காகிதத்தை மடித்துவிட்டான். உட்கார்ந்துகொண்டான். பின்வரிசைத் தலைகள் எல்லாம் குனிந்திருந்தன. அந்தக் களத்தில் போன வருஷம் அந்தப் பிக்கப்பைத் தாண்டிப் போகாத லாரி எது?

ஜட்ஜ் ரொம்ப நேரம் எழுதினார். பிறகு சொன்னார், உத்தரவில் இருந்த ஓட்டைக்காகப் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது, இன்றைக்கே அப்பாவிடம் போகட்டும் என்று. லாரியில் இனி ஏற்றக்கூடாது, நோர்மாவின் பேர் உத்தரவில் சேர வேண்டும், சோதனைக் காலம் தொடரும். வேட் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கெயில் அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம். வெளி வராந்தாவில் டெஸ்ஸா கெல்சியின் கையை விட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கெல்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

வேட் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டார்சியைத் தேடிவந்தான்.

"டார்சி, நான் எப்படி உனக்கு..."

"வேணாம், வேட். எனக்கு நன்றி சொல்லாத. வீட்டுக்குப் போ."

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் நிற்கவில்லை.

ஆபீஸுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசை முன்னால் நின்றாள்.

"லவான், ட்ரெவினோ அம்மாவுக்கு போன் போட்டுக் குடுங்க."

"அவங்க வக்கீல்..."

"அவர்கிட்ட இப்பதான் வராந்தாவுல கேட்டேன். நேரா பேசிக்கோன்னுட்டாரு. பசங்கள அனுப்பச் சொல்லி நாளைக்கு நானே ஜட்ஜ்கிட்ட மனு போடறேன். டெக்சாஸ் சம்மதத்துக்குக் காத்திருக்க வேணாம்னு கேக்கப் போறேன். அத அந்தம்மா வேற யாரு வாயாலயும் கேக்க வேணாம்."

"ஜட்ஜ் சரின்னு சொல்லுவாங்களா?"

"தெரியாது. போடுங்க."

நான் போட்டேன். மணி அடித்தது, அடித்தது. அந்தப் பக்கம் தட்டு கழுவுகிற சத்தம், ரேடியோ. ஒரு பெண் குரல். நான் ஆபீஸ் பேரைச் சொன்னேன். ரேடியோ சட்டென்று நின்றது.

"பசங்களுக்கு என்ன ஆச்சு?"

ரிசீவரை டார்சியிடம் கொடுத்தேன். குரல் எனக்கும் கேட்டது. மறுபடி அதையே கேட்டது, இன்னும் உரக்க. "என் பசங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லா இருக்காங்க. பள்ளிக்கூடத்துல இருக்காங்க." கோர்ட்டில் யாருக்கும் பயப்படாத டார்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் டார்சி ப்ரெக்கி பேசறேன். உங்களுக்கு என்னத் தெரியாது. போன வருஷம் நான்தான்..."

"தெரியும்," என்றது அந்தக் குரல். "உங்க பேரு எனக்குத் தெரியும்."

டார்சி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மா, "சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள்.